மார்க் ஏன் குறையுது? விடைத்தாள்ல இருந்து ஆரம்பிக்கற ஒரு முழு வழிகாட்டி

அரையாண்டு பேப்பர் குடுக்கற வாரத்துல ட்யூஷன்ல ஒரு வேடிக்கை நடக்கும். நல்ல மார்க் வந்த பேப்பர் எல்லாம் கதவு தாண்டும்போதே கையில இருக்கும், கம்மி மார்க் வந்த பேப்பர் மட்டும் "இன்னும் குடுக்கல சார்"னு ஆயிரும். ஒரே ஸ்கூல், ஒரே கிளாஸ், பக்கத்துல உக்காந்திருக்கவனுக்கு குடுத்தாச்சு, இவனுக்கு மட்டும் குடுக்கல. பேப்பர் எங்கயும் போயிருக்காது, பையில கீழ சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில நாலா மடிச்சு இருக்கும்.

நான் திண்டுக்கல் பக்கம் 10வது, 12வது பசங்களுக்கு கணக்கு ட்யூஷன் எடுக்கறேன், 14 வருஷமாச்சு. இத்தன வருஷத்துல எனக்கு புரிஞ்சது, அந்த மடிச்சு வெச்ச பேப்பர்லதான் எல்லாமே இருக்கு. படிக்காத பிள்ளைன்னு நாம சொல்ற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல சோம்பேறி கிடையாது, ஒரு உணர்ச்சிய பாத்து ஓடிட்டு இருக்குங்க. பயமோ வெக்கமோ எரிச்சலோ ஏதோ ஒண்ணு. அத விட்டுட்டு "படி படி"ன்னு எவ்வளவு கத்தினாலும் ஓட்டம் வேகமாகுமே தவிர நிக்காது. அத எப்படி நிறுத்தறதுன்னு நான் செய்யற வரிசையிலயே எழுதறேன். 9வதுல இருந்து 12வது வரைக்கும் பிள்ளை இருக்கற வீட்டுக்கு இது போதும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தியரி

எமோஷனல் இன்டெலிஜென்ஸ்னு இப்போ எல்லா ஸ்கூல் நோட்டீஸ்லயும் போடறாங்க. இந்த பேர 1990ல பீட்டர் சாலவே, ஜான் மேயர்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆளுங்க ஒரு கட்டுரையில விளக்கி எழுதினாங்க. பின்னாடி அவங்களே அத நாலு திறமையா பிரிச்சாங்க: தன்னோடதும் அடுத்தவனோடதுமான உணர்ச்சிய கண்டுபிடிக்கறது, அத யோசிக்கறதுக்கு பயன்படுத்திக்கறது, அது எதனால வருது எங்க போய் முடியும்னு புரிஞ்சுக்கறது, கடைசியா அத சமாளிக்கறது. 1995ல டேனியல் கோல்மன் எழுதின புத்தகம் வந்தப்புறம்தான் இது ஊரெல்லாம் பரவுச்சு, கூடவே "ஐக்யூவ விட ஈக்யூதான் முக்கியம்"னு ஒரு பேச்சும் கிளம்பிருச்சு (ஐக்யூ புத்திசாலித்தனத்த அளக்கறது, ஈக்யூ இந்த உணர்ச்சி திறமைய அளக்கறது). அது கொஞ்சம் ஓவர்.

உண்மை என்னன்னா, 2020ல கரோலின் மக்கான் தலைமையில ஒரு குழு 27 நாட்டுல 42,000க்கு மேல மாணவர்கள் கலந்துக்கிட்ட ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேத்து பாத்தாங்க. இந்த திறமைக்கும் மார்க்குக்கும் இருக்கற தொடர்பு சராசரியா 0.20 வந்துச்சு. 0ன்னா சம்பந்தமே இல்ல, 1ன்னா ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணும் அச்சு பிசகாம கூடவே ஏறுதுன்னு அர்த்தம். அப்போ 0.20ங்கறது சின்னதுதான். ஆனா புத்திசாலித்தனம், பொறுப்பா உக்காந்து வேலை முடிக்கற குணம், இந்த ரெண்டுக்கும் அடுத்து மூணாவது இடத்துல நின்னுச்சு. அதுலயும் டெஸ்ட் வெச்சு அளந்தப்போ 0.24, "நீ எப்படிப்பா"ன்னு அவங்களையே மார்க் போட சொன்னப்போ 0.12தான். அதனால நெட்ல வர்ற "உங்க ஈக்யூ எவ்வளவு" மாதிரி இருபது கேள்விய பிள்ளைக்கிட்ட குடுத்து நேரத்த வீணாக்காதீங்க.

இது மார்க்க எப்படி தொடுதுன்னு அந்த குழுவே மூணு வழி சொல்றாங்க. பதட்டம், சலிப்பு, ஏமாத்தம் இதெல்லாம் வரும்போது சமாளிக்க முடியுது, டீச்சரோடயும் ஃப்ரெண்ட்ஸோடயும் உறவு நல்லா இருக்கு, அப்புறம் மொழிப்பாடம் மாதிரி மனுஷங்கள பத்தின பாடத்துல இந்த திறமையே நேரடியா உதவுது. கணக்கு வாத்தியாரா எனக்கு மொதல் வழிதான் தினம் கண்ணுல படறது.

மோட்டிவேஷன்னு சொன்ன உடனே நம்மாளுங்களுக்கு மேடையில ஒருத்தர் மைக் புடிச்சு கத்தறதுதான் ஞாபகம் வருது. அந்த சூடு ரெண்டு நாள் நிக்கும், மூணாவது நாள் ஆறிரும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன்னு ரெண்டு பேர் 1970கள்ல இருந்து இதயே ஆராய்ச்சி பண்ணினவங்க, ஒரு மனுஷனுக்கு உள்ள இருந்து ஆர்வம் வரணும்னா மூணு வேணும்னாங்க. நம்ம பேச்சுல சொன்னா: இது நானா எடுத்த முடிவு, இது என்னால முடியுது, எனக்குன்னு ஆள் இருக்கு. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர்ற ஸ்டெப் எல்லாம் இதுல ஏதாவது ஒண்ண தொட்டுட்டுதான் போகும்.

ஸ்டெப் 1: பேப்பர விரிச்சு போடுங்க, மார்க்க பாக்காதீங்க

போன வருஷம் ஒரு பையன், 10வது, அரையாண்டுல கணக்குல 31. பாஸ் மார்க் 35. அப்பா கடைய மூடிட்டு நேரா வந்துட்டாரு, "சார் இவனுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது, பேசாம நீங்களே சொல்லுங்க, ஐடிஐல போட்டுரட்டா?" பையன் அவர் பின்னாடி நின்னு சுவத்துல ஒட்டியிருந்த காலண்டர படிச்சுட்டு இருந்தான்.

நான் பேப்பர வாங்கி மூணு கலர் பேனா எடுத்தேன். எனக்கு சுத்தமா தெரியாதுன்னு விட்டதெல்லாம் சிவப்பு. தெரியும், ஆனா தப்பு பண்ணிட்டேன் இல்ல பாதியில விட்டுட்டேன்னா பச்சை. நேரம் பத்தலன்னா நீலம். கலர் போட வேண்டியது அவன்தான், நான் இல்ல, அப்பாவும் இல்ல. இருபது நிமிஷம் ஆச்சு. போன மார்க் 69ல சிவப்பு 35, பச்சை 22, நீலம் 12.

பச்சைய மட்டும் கூட்டினா 31 அப்படியே 53 ஆகுது. அவனுக்கு தெரிஞ்சது 53 மார்க்குக்கு, கையில வந்தது 31. அப்பா அந்த 22அ ரெண்டு தடவ கூட்டி பாத்தாரு.

இத வீட்டுல நீங்களும் செய்யலாம், ஆனா ஒரு கண்டிஷன். கலர் போடும்போது "இது கூடவா தெரியல"ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா முடிஞ்சுது, அடுத்த பேப்பர் டப்பாவுக்கு அடியிலதான். வாய கட்டிட்டு உக்கார முடியாதுன்னா சித்தப்பா, அத்தை, அக்கா யாரையாவது உக்கார வைங்க. சிவப்புக்கு பாடம் சொல்லி குடுக்கணும், நீலத்துக்கு நேரம் வெச்சு எழுதி பழகணும். பச்சைக்கு ட்யூஷன் ஃபீஸ் கட்டி பிரயோஜனம் இல்ல, அங்கதான் இந்த உணர்ச்சி விஷயம் ஒளிஞ்சிருக்கு.

ஸ்டெப் 2: "கடுப்பா இருந்துச்சு"ங்கறத பிரிச்சு பாருங்க

அந்த பையன் பேப்பர்ல செய்முறை வடிவியல் கேள்விக்கு, வட்டத்துக்கு வெளிய இருக்கற புள்ளியில இருந்து தொடுகோடு வரையற கணக்குக்கு, ஒரு வட்டம் மட்டும் இருந்துச்சு. அதுவும் முழுசா சேரல, ஆரம்பிச்ச இடத்துக்கும் முடிஞ்ச இடத்துக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. 8 மார்க் கேள்வி, ட்யூஷன்ல கண்ண மூடிட்டு போடுவான்.

"ஏன்டா விட்ட?"
"கடுப்பா இருந்துச்சு சார்."

நம்ம பசங்களுக்கு எல்லா உணர்ச்சிக்கும் இந்த ஒரே வார்த்தைதான். ஃபோன புடுங்கினாலும் கடுப்பு, ஃப்ரெண்ட் பேசலன்னாலும் கடுப்பு, பயந்தாலும் கடுப்பு. நான் விடல. கடுப்புன்னா கோவமா, யார் மேல? யார் மேலயும் இல்ல சார். அப்போ பயமா? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மெதுவா வந்துச்சு. காம்பஸ் ஸ்க்ரூ லூசு, வட்டம் சேரல, அழிச்சு மறுபடி போட்டா மறுபடி சேரல, அந்நேரம் பாத்து ஹால் சூப்பர்வைசர் பக்கத்துல வந்து நின்னு எட்டி பாத்திருக்காங்க, "இந்த வட்டம் கூட போட தெரியல பாரு"ன்னு நெனச்சிருப்பாங்கன்னு இவனுக்கு தோணிருக்கு, அப்புறம் பென்சில வெச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டான். அது கோவம் இல்ல, பயமும் இல்ல. கூச்சம். அவமானத்துக்கு முந்தின ஸ்டேஜ்.

பேர் சரியா வெச்சா வைத்தியம் தானா மாறுது. கோவம்னா ஆற விடணும், பயம்னா பழக்கணும், சலிப்புன்னா வேலைய மாத்தணும், பொறாமைன்னா யாரோட ஒப்பிடறான்னு பாக்கணும். கூச்சத்துக்கு நான் பண்ணினது ரெண்டே விஷயம். அவன் ஜாமெட்ரி பாக்ஸ தூக்கி போட்டுட்டு புது காம்பஸ் ஒண்ணு வாங்க சொன்னேன். அப்புறம் ஒரு வாரம் அவன் படம் வரையும்போது நான் வேணும்னே பின்னாடி போய் நின்னேன். மொத நாள் கை நடுங்குச்சு, அஞ்சாவது நாள் "சார் வெளிச்சத்த மறைக்கறீங்க"ன்னான்.

வீட்டுல இதுக்குன்னு தனியா உக்காந்து "உன் உணர்வுகள பகிர்ந்துக்கோ"ன்னு கேட்டீங்கன்னா அவன் எந்திரிச்சு ஓடிருவான். சும்மா பைக்குல கூட்டிட்டு போகும்போது, காய் நறுக்கும்போது, முகத்த பாக்காத மாதிரி ஒரு வேலை நடக்கும்போது கேளுங்க. நீங்களும் சொல்லுங்க, "இன்னிக்கு ஆபீஸ்ல மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு, எனக்கு காது சூடாயிருச்சு"ன்னு. அப்பாவுக்கும் காது சூடாகும்னு பல வீட்டுல பிள்ளைங்களுக்கு தெரியவே தெரியாது.

ஸ்டெப் 3: உக்கார வைக்கறது

தள்ளி போடறது நேரத்த நிர்வாகம் பண்ண தெரியாததால வருதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சேன், டைம்டேபிள் போட்டு குடுத்துட்டே இருந்தேன், கலர் கலரா. ஒண்ணும் நடக்கல. ஃபுஷியா சிருவா, டிம் பைக்கில் மாதிரி இதயே ஆராயறவங்க சொல்றது, தள்ளி போடறதே ஒரு மூட் ரிப்பேர் வேலை. புக்க தெறந்தா வர்ற அந்த கெட்ட ஃபீலிங்ல இருந்து தப்பிக்கறதுக்குத்தான் ஃபோன எடுக்கறான். எடுத்த அந்த நொடியே நிம்மதி கெடச்சுருது, அதனால நாளைக்கும் அதயேதான் செய்வான்.

அப்போ செய்ய வேண்டியது, புக்க தெறக்கற வலிய சின்னதாக்கணும். ஒரு மணி நேரம் உக்காருன்னு சொன்னா மலை. அஞ்சு நிமிஷம், ஒரே ஒரு கணக்கு, அதுவும் தெரிஞ்ச கணக்கு. முடிச்சுட்டு எந்திரிச்சு போகலாம்னு நெஜமாவே சொல்லணும், அவன் போனா விட்டுரணும். பத்துல ஏழு நாள் போக மாட்டான்.

இன்னொண்ணு, "சாயங்காலம் படிக்கறேன்"ங்கறத விட "டீ குடிச்சு டம்ளர கழுவி வெச்ச உடனே எடுத்துக்காட்டு கணக்கு ஒண்ணு போடுவேன்"ங்கறது வேலை செய்யும். இது நடந்தா இத செய்வேன்னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வெச்சா செஞ்சு முடிக்கறது கூடுதுன்னு பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியல் ஆள் பல ஆய்வுல காட்டியிருக்காரு. முடிச்ச அவனே போடணும். நீங்க போட்டா அது உங்க டைம்டேபிள்.

படிக்கற முறையிலயும் ஒரு உணர்ச்சி ஏமாத்து இருக்கு. நோட்ஸ திரும்ப திரும்ப வாசிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி சுகமா இருக்கும். மூடி வெச்சுட்டு எழுதி பாத்தா பாதி வராது, மனசு ஒடிஞ்சுரும். அதனால பிள்ளைங்க வாசிக்கறதயே புடிச்சுக்குதுங்க. 2006ல ரோடிகர், கார்பிக் ரெண்டு பேரும் பண்ணின சோதனையில அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்ப வாசிச்சவங்கதான் மேல, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ மூடி வெச்சு எழுதி பாத்தவங்க தாண்டிட்டாங்க. பரீட்சை ஒரு வாரம் கழிச்சுதானே வருது. இத பிள்ளைக்கிட்ட இப்படியே சொல்லுங்க, "எழுதும்போது வராம கஷ்டமா இருக்கும், அந்த கஷ்டம் வந்தாதான் உள்ள இறங்குதுன்னு அர்த்தம்"னு. இத தெரிஞ்சு உக்காரற பிள்ளைக்கும் தெரியாம உக்காரற பிள்ளைக்கும் நல்லாவே வித்தியாசம் தெரியும்.

ஸ்டெப் 4: ஜெயிக்கற இடத்துல ஆரம்பிங்க

மொதல்ல நம்பிக்கை வந்தாதான் மார்க் வரும்னு சொல்வாங்க. என் அனுபவத்துல தலைகீழ். சின்னதா ஒரு மார்க் வந்தாதான் நம்பிக்கை வருது.

10வது கணக்கு பேப்பர எடுத்துக்கோங்க. 14 ஒரு மார்க், 10 ரெண்டு மார்க், 10 அஞ்சு மார்க், 2 எட்டு மார்க், மொத்தம் 100. எட்டு மார்க் ரெண்டும் ஒண்ணு வடிவியல் படம், ஒண்ணு கிராஃப், ரெண்டுலயும் "அல்லது" சாய்ஸ் உண்டு. இதுல நுழையறதுக்கு பெருசா கணக்கு மூளை வேண்டாம், கை பழக்கம் போதும். ஒரு மார்க்ல புக் பேக் கேள்விங்கள நல்லா பாத்தா பத்து வந்துரும். 16ம் 10ம் 26 ஆச்சு, மிச்சம் ஒம்போது மார்க்குக்கு ரெண்டு மார்க் கேள்வியில அஞ்சு போட்டா பாஸ். இத பேப்பர்ல எழுதி காட்டும்போது ஒரு பிள்ளையோட முகம் மாறும் பாருங்க, அதுக்காகவே நான் இந்த தொழில்ல இருக்கேன்னு சொல்லலாம்.

அதனால 31 எடுத்தவன் கிட்ட டிசம்பர்ல போய் முதல் பாடத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. ரெண்டு வாரம் படமும் கிராஃபும் மட்டும். தினம் ஒண்ணு. முழு மார்க் போட்டு குடுங்க, ஏன்னா அவன் கையில முழு மார்க்க பாத்து வருஷக்கணக்காகியிருக்கும். என்னால முடியுதுங்கற அந்த ரெண்டாவது விஷயம் இங்கதான் மொளைக்குது, அப்புறம்தான் இயற்கணிதத்து பக்கம் தலைய திருப்புவான்.

சொல்லியே ஆகணும், ஸ்கூல்ல "ஸ்லோ லேர்னர்ஸ்"னு தனியா பிரிச்சு உக்கார வெச்சு மினிமம் மெட்டீரியல் குடுக்கறாங்க. மெட்டீரியல் நல்லதுதான், மேல சொன்ன அதே கணக்குதான். அந்த பேருதான் பாழாக்குது. பேர மைக்குல கூப்பிட்டு மரத்தடிக்கு அனுப்பினா, அங்க போற பையன் மனசுல கிராஃப் ஷீட்டா இருக்கும்?

ஸ்டெப் 5: பாராட்டறதுலயும் ஒரு பிரச்சனை இருக்கு

திட்டறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், அத பத்தி நான் எழுத வேண்டாம். (2017லயே அரசு மாநில ரேங்க் அறிவிக்கறத நிறுத்திருச்சு, நம்ம வீட்டு ஹால்லதான் இன்னும் பக்கத்து வீட்டு ரேங்க் அறிவிப்பு நடந்துட்டு இருக்கு.) பாராட்டு விஷயம்தான் யாருக்கும் தெரியல.

1998ல க்ளாடியா முல்லர், கேரல் ட்வெக் ரெண்டு பேரும் அஞ்சாவது படிக்கற பிள்ளைங்களுக்கு சில புதிர் குடுத்தாங்க. முடிச்சதும் சில பேர "நீ புத்திசாலி"ன்னும் சில பேர "நல்லா உழைச்சிருக்க"ன்னும் பாராட்டினாங்க. அடுத்து வேணும்னே கஷ்டமானது குடுத்தாங்க, எல்லாரும் சொதப்பினாங்க. மூணாவதா மறுபடி முதல்ல குடுத்த அளவுக்கே ஈஸியா குடுத்தா, உழைச்சன்னு சொல்லப்பட்டவங்க மார்க் ஏறுச்சு, புத்திசாலின்னு சொல்லப்பட்டவங்க மார்க் முதல் தடவைய விட எறங்கிருச்சு. அத விட முக்கியம், உன் மார்க்க இன்னொரு ஸ்கூல் பிள்ளைக்கு எழுதி அனுப்புன்னு சொன்னப்போ, புத்திசாலின்னு பேர் வாங்கினவங்கள்ல கிட்டத்தட்ட பத்துக்கு நாலு பேர் கூட்டி எழுதியிருந்தாங்க.

அந்த டப்பாவுக்கு அடியில மடிச்ச பேப்பர் ஞாபகம் வருதா? எட்டாவது வரைக்கும் "எங்க பொண்ணு படு ஷார்ப்பு"ன்னு வீடே கொண்டாடின பொண்ணு, 11வதுல பயோ மேத்ஸ் எடுத்துட்டு மொத டெர்ம்லயே இயற்பியல்ல 40 வாங்கினா எங்க போய் சொல்லும்? நான் பாத்ததுல பேப்பர ஒளிச்சு வைக்கறதுல முன்னாள் டாப்பர்ங்கதான் கெட்டிக்காரங்க. 31 எடுக்கறவனுக்கு பழகிருச்சு, இவங்களுக்கு பழகல.

அதுக்காக "உழைச்ச, உழைச்ச"ன்னு மந்திரம் மாதிரி சொல்லாதீங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்சுரும். என்ன பண்ணினான்னு குறிப்பா சொல்லுங்க. "மூணு தடவ அழிச்சுட்டு நாலாவது தடவயும் போட்ட பாரு"ன்னு சொன்னா போதும். உழைச்சா திறமை வளரும்னு நம்பணும்ங்கற இந்த வளரும் மனப்பான்மை பேச்சையும் அளவோட எடுத்துக்கோங்க, 2019ல அமெரிக்காவுல கிட்டத்தட்ட 12,000 ஒம்போதாவது பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் கம்மியான ஆன்லைன் பாடம் இதயே சொல்லி நடத்தினதுல, கம்மி மார்க் எடுக்கறவங்களுக்கு நாலு புள்ளி ஸ்கேல்ல 0.10 ஏறுச்சு. செலவே இல்லாம கெடச்ச லாபம்தான், ஆனா அதிசயம் ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 6: பைக் வாங்கி தரேன்னு சொல்றதுக்கு முன்னாடி

"490 எடு, ஃபோன் உனக்கு." எல்லா வீட்டுலயும் இருக்கற டீல். 1973ல லெப்பர், க்ரீன், நிஸ்பெட்னு மூணு பேர் படம் வரையறது புடிச்ச நர்சரி குழந்தைங்கள எடுத்து, சில பேருக்கு "வரைஞ்சா பரிசு"ன்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விட்டு பாத்தா, அந்த குழந்தைங்க மத்தவங்க வரைஞ்ச நேரத்துல பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. சொல்லாம திடீர்னு பரிசு வாங்கின குழந்தைங்களுக்கு அப்படி ஆகல.

புடிக்காத வேலைக்கு பரிசு தப்பில்ல, வாய்ப்பாட மனப்பாடம் பண்றதுக்கு யாருக்கு ஆசை இருக்கு, ஒரு பரோட்டா வாங்கி குடுங்க. ஆனா ஏற்கனவே ஆசையா செய்யற விஷயத்துல வெல ஒட்டாதீங்க. பப்ளிக் மார்க்குக்கு மேல ஒட்டினா இன்னும் மோசம், ஏன்னா மார்க் அவன் கையில முழுசா இல்ல, உக்காந்து எழுதி பாக்கறது மட்டும்தான் கையில இருக்கு.

இதுக்கு நேரெதிரானது முடிவெடுக்க விடறது. குரூப் எடுக்கற விஷயம் ஒண்ணுலயே ரெண்டு வருஷ மோட்டிவேஷன் போயிரும். காமர்ஸ் கேட்ட பிள்ளைய நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பயோ மேத்ஸ்ல தள்ளி, கூடவே நீட் கோச்சிங்கும் போட்டு, அப்புறம் எங்கிட்ட வந்து "இவனுக்கு ஆர்வமே இல்ல சார்"ம்பாங்க. ஆர்வம் உங்களோடது, அவன் சும்மா தூக்கிட்டு திரியறான். குரூப் முடிஞ்சு போச்சுன்னாலும் சின்ன சின்ன முடிவுங்க இருக்கு: எந்த பாடம் மொதல்ல, காலையிலயா ராத்திரியா, எந்த ட்யூஷன நிறுத்தறது. ஆமா, நிறுத்தறது. அஞ்சு ட்யூஷன் போற பிள்ளை எப்போ தனியா உக்காந்து எழுதி பாக்கும்? சொந்த தொழிலுக்கு எதிரா பேசறேன், பரவால்ல.

ஸ்டெப் 7: தூக்கம்

13ல இருந்து 18 வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் வேணும்னு தூக்க மருத்துவர்ங்க சொல்றாங்க. இந்த வயசுல உடம்புல தூக்கம் வர்ற நேரமே லேட்டாகுது, அது திமிர் இல்ல. ராத்திரி 12க்கு படுத்து 5 மணி ட்யூஷனுக்கு எந்திரிக்கற பிள்ளைக்கிட்ட உணர்ச்சிய சமாளிக்கற பேச்செல்லாம் பேசி பிரயோஜனமே இல்ல. அடக்கி நிதானிக்கற வேலைய பாக்கற மூளையோட முன்பகுதி இருபது வயச தாண்டியும் வளந்துட்டு இருக்கற ஒண்ணு, அதுக்கு தூக்கத்தயும் வெட்டிட்டு என்னத்த எதிர்பாக்கறது. ஃபோன் ராத்திரி ஹால்ல சார்ஜ்ல கெடக்கட்டும், உங்க ஃபோனும் சேத்து.

ஸ்டெப் 8: பரீட்சை ஹால்

பயத்த போக்காதீங்க. கொஞ்சம் பயம் இருந்தாதான் பேனா ஓடும். பயம் மண்டைக்குள்ள இடத்த அடைக்கறதுதான் பிரச்சனை, கணக்கு போட வேண்டிய இடத்துல "ஃபெயிலாயிட்டா?" உக்காந்திருக்கும். 2011ல ரமிரெஸ், பைலாக்னு ரெண்டு பேர் ஒம்போதாவது பிள்ளைங்கள உயிரியல் பரீட்சைக்கு கொஞ்சம் முன்னாடி பத்து நிமிஷம் தங்களோட பயத்த பேப்பர்ல எழுத வெச்சாங்க. ரொம்ப பயப்படற பிள்ளைங்க பயப்படாத பிள்ளைங்க அளவுக்கு வந்துட்டாங்க. எல்லாருக்கும் அப்படியே பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ஒரு பேப்பர், பத்து நிமிஷம், என்ன போகுது. கிளம்பறதுக்கு முன்னாடி எழுதி கிழிச்சு போட சொல்லுங்க. நீங்க வாங்கி படிக்க கூடாது.

பப்ளிக்ல கேள்வித்தாள் வாசிக்க பத்து நிமிஷம், விவரம் நெரப்ப அஞ்சு நிமிஷம் தனியா உண்டு. அந்த பத்து நிமிஷத்துல என் பிள்ளைங்களுக்கு ஒரே வேலைதான்: தெரிஞ்ச கேள்விய மட்டும் தேடு. தெரியாதத பாத்தா அடுத்ததுக்கு போ. உள்ளங்கை வேர்த்தா கைக்குட்டைய எடு, நெஞ்சு படபடன்னா "உடம்பு ரெடியாகுது"ன்னு உள்ள சொல்லிக்கோ, அமைதியா இரு அமைதியா இருன்னு மட்டும் சொல்லாத, படபடப்ப அடக்க பாத்தா அது இன்னும் ஏறும். எழுத விட்டதும் மொத கேள்வி எது தெரியுமோ அது. 31 எடுத்த பையன் கிராஃப்ல ஆரம்பிச்சான்.

இதுக்கெல்லாம் அடங்காத விஷயம்

கலர் போடும்போது பச்சையே இல்லாம எல்லாம் சிவப்பா இருந்தா, அதுவும் வாய்ல கேட்டா சொல்றான் எழுத சொன்னா எழுத்து மாறி மாறி வருதுன்னா, டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடு இருக்கான்னு காட்டுங்க. அதுக்கு முன்னாடி கண்ண காட்டுங்க, போர்டு தெரியாமயே ரெண்டு வருஷம் உக்காந்திருந்த பொண்ண நான் பாத்திருக்கேன். ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு தூக்கம் எல்லாம் மாறி, புடிச்ச விஷயத்துலயும் ஆர்வம் போயி, "நான் இருந்து என்ன"ங்கற மாதிரி பேச்சு வந்தா ஸ்டெப் ஒண்ணு ரெண்டுன்னு பாத்துட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இருபத்திநாலு மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பிள்ளைங்க தாங்களே கூப்பிட குழந்தைகள் உதவி எண் 1098. இந்த ரெண்டு நம்பரையும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க, கேஸ் புக்கிங் நம்பருக்கு பக்கத்துல.

ஸ்டெப் 9: ரிசல்ட்டுக்கு முந்தின நாள்

ரிசல்ட் அன்னிக்கு பேசறத விட முந்தின நாள் ராத்திரி பேசறது முக்கியம். எத்தன மார்க் வந்தா நாளைக்கு என்ன பண்ண போறோம்னு மூணு வழியும் பிள்ளை முன்னாடியே பேசி வெச்சுருங்க. ஒரு பாடம் போனா துணைத்தேர்வு உடனே வருது, வருஷம் வீணாகாது, அப்ளிகேஷன் எங்க போடணும்னு கூட பாத்து வைங்க. கேக்கற சொந்தக்காரங்ககிட்ட யார் ஃபோன எடுக்கறதுன்னும் முடிவு பண்ணிக்கோங்க, பிள்ளை கையில ஃபோன குடுத்து "அத்தைக்கிட்ட நீயே சொல்லு"ன்னு மட்டும் சொல்லிராதீங்க.

அந்த பையன் பப்ளிக்ல 58 எடுத்தான். ஐடிஐயும் போகல, கம்ப்யூட்டர் சயின்ஸும் போகல, அவனா கேட்டு காமர்ஸ் எடுத்திருக்கான். போன மாசம் 11வது காலாண்டு பேப்பர் குடுத்தாங்களாம், அக்கவுண்டன்சியில 44. கதவு தாண்டும்போதே கையில வெச்சிருந்தான், மடிக்கல. "சார், பச்ச பேனா இருக்கா?"